பின் இருக்கைப் பயணி

கால் இடிச்சிருச்சா அண்ணாச்சி? மன்னிச்சுக்கோங்க. வேணும்னு செய்யல. முன்னால போற லாரியில பிரேக் லைட் எரிஞ்சா என் வலது கால் தன்னால மிதிச்சிரும். பதினாறு வருசப் பழக்கம். அருப்புக்கோட்டையில வெயிலுகந்தம்மன் டிரைவிங் ஸ்கூல்னு கேட்டுப் பாருங்க, சௌந்தரபாண்டியத் தெரியாத ஆளு கிடையாது. எங்க கார்ல ரெண்டு செட் பெடல் இருக்கும். பழகுறவங்களுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. அவங்க மறந்தா நான் மிதிப்பேன். இந்த பஸ்ஸுல நம்ம பக்கம் பெடல் இல்லைங்கறது காலுக்குத் தெரியல, உங்க செருப்ப மிதிச்சிருச்சு.

இல்ல இல்ல, ஜன்னல் பக்கம் நீங்களே இருங்க. முன்னெல்லாம் ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போடுவேன். இப்ப தரை பக்கவாட்டுல ஓடுறதப் பாத்தா வயித்தப் பெரட்டுது. ஆறு மாசமா இப்பிடித்தான்.

நீங்க எதுவரைக்கும்? கிருஷ்ணகிரியா. நான் ஓசூரு. ஓசூருக்கு அந்தாண்ட பதினஞ்சு கிலோமீட்டர் போகணும். வீட்டுக்காரி அங்க இருக்கா. வேலைதான். விமானம் ஓட்டச் சொல்லிக் குடுக்குறவ. நெசமாத்தான் அண்ணாச்சி, எல்லாரும் உங்கள மாதிரித்தான் திரும்பிப் பாப்பாங்க. கார் பழக்குறவனுக்கு ஏரோப்ளேன் பழக்குற பொண்டாட்டி. ஊர்ல எங்கள வச்சுப் பேசாத கல்யாண வீடு கிடையாது.

உங்ககிட்ட ஒண்ணு கேக்குறேன். உங்களுக்குக் கல்யாணமாயி முப்பது வருசம் இருக்குமா? உங்க வீட்டம்மா உங்களப் பத்தி ஒரு காகிதத்துல எழுதணும்னா என்னன்னு எழுதுவாங்க? பேரு எழுதுவாங்க. இல்ல, என் கணவர்னு எழுதுவாங்க. எங்க வீட்டம்மா என்ன எழுதுனா தெரியுமா? 'பின் இருக்கைப் பயணி.' மூணு பக்க ரிப்போர்ட். அதுல ஒம்போது எடத்துல நான் வாரேன், ஒம்போது எடத்துலயும் பின் இருக்கைப் பயணி. பின் இருக்கைப் பயணி கத்தினார். பின் இருக்கைப் பயணியின் எடை தொண்ணூத்தி ரெண்டு கிலோ. எடை வரைக்கும் எழுதத் தெரிஞ்சவளுக்குப் பேரு எழுதத் தெரியலையா?

அதத்தான் கேக்கப் போறேன். நேர்ல கேக்கணும்.

முதல்ல இருந்து சொல்றேன், அப்பத்தான் உங்களுக்குப் புரியும்.

எங்க ஊருக்குக் கிழக்க, யுத்த காலத்துல வெள்ளைக்காரன் போட்ட ஓடுதளம் ஒண்ணு, கருவேலம் மண்டிக் கெடந்துச்சு. வைகுண்டம் ஐயான்னு ஒரு பெரிய மனுசர் அத எடுத்துச் சுத்தம் பண்ணி விமானப் பள்ளி ஆரம்பிச்சாரு. அதுக்கு வாத்தியாரா வந்தவதான் சுபத்ரா. வடக்க படிச்சிட்டு வந்தவ. வானத்துல விமானம் ஓட்டுவா, தரையில கார் ஓட்டத் தெரியாது! ஓடுதளத்துக்குப் பதினெட்டு கிலோமீட்டர் போகணுமேன்னு எங்கிட்ட பழக வந்தா. மொத நாளே, ஸ்டியரிங்ல கைய வச்சுக்கிட்டு, "சார், உங்க பெடல்ல இருந்து காலை எடுத்துக்கிறீங்களா? நான் என்ன செய்யுறேன்னு எனக்கே தெரியணும்"ன்னா. எப்பிடி எடுக்க முடியும்? முடியாதுன்னுட்டேன். சிரிச்சா. அந்தச் சிரிப்புலதான் பதினோரு மாசத்துல கல்யாணம் ஆச்சு. இன்னைக்கும் கோவம் வந்தா அவ வாயில 'என்னங்க' வராது. 'சார்'ம்பா.

நல்லாத்தான் இருந்தோம். சாயங்காலம் ரெண்டு பேரும் காபியக் கையில வச்சுக்கிட்டு, இன்னைக்கு எவன் என்ன கூத்து பண்ணினான்னு பேசுவோம். நான் கிளட்சக் கதை கதையாச் சொல்வேன், அவ ஸ்டாலச் சொல்வா.

ஸ்டால்னா நமக்குத் தெரிஞ்சது என்ன? கிளட்ச வெடுக்குன்னு விட்டா வண்டி குலுங்கி நின்னுபோகும், பின்னால உள்ளவன் ஹாரன் அடிப்பான். அதுதான ஸ்டால்? அது இல்லையாம். விமானத்துல இன்ஜின் பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்குமாம், றெக்கைதான் ஸ்டால் ஆகுமாம். எனக்கு ஏறல. ஒருநாள் பந்தல்குடி ரோட்டுல நான் ஓட்டிக்கிட்டுப் போறேன், அவ கைய ஜன்னலுக்கு வெளிய நீட்டுனா. உள்ளங்கை தரையப் பாத்து. "இப்பப் பாருங்க"ன்னு விரல் பக்கத்தக் கொஞ்சம் தூக்குனா, கை தன்னால மேல போச்சு. இன்னும் கொஞ்சம் தூக்குனா, இன்னும் மேல போச்சு. ரொம்பத் தூக்குனா, கை தடதடன்னு ஆடிப் பொத்துன்னு விழுந்துச்சு. "இவ்வளவுதாங்க. மூக்க ரொம்பத் தூக்கிட்டா காத்து றெக்கைய விட்டுப் பிரிஞ்சிரும். அப்பறம் றெக்கை தூக்காது."

"சரி, விழுந்தா என்ன செய்யணும்?"

"மூக்கக் கீழ தள்ளணும்."

"ஏம்மா, விழுறவன் தூக்கத்தான செய்வான்? கீழ விழுறப்ப இன்னும் கீழயா தள்ளச் சொல்ற?"

"எல்லாரும் தூக்கத்தான் செய்வாங்க. அதனாலதான் சாகுறாங்க. கீழ தள்ளுனாத்தான் காத்து திரும்ப றெக்கையப் பிடிக்கும், வேகம் வரும், அப்பறம் மெதுவாத் தூக்கலாம். கைக்கு அது வராது. பயந்தா கை இழுக்கத்தான் பாக்கும். அந்தக் கைய மாத்துறதுதான் என் வேலை."

நான் சொன்னேன், எனக்கும் அதே வேலைதான், பயந்தவனப் பழக்குறது. ஒரு வித்தியாசம், நான் சத்தம் போடுவேன், அவ போட மாட்டா. சத்தம் போடாம ஒருத்தன் பழகுவானா? நீங்களே சொல்லுங்க.

அஞ்சு வருசம் அண்ணாச்சி. அஞ்சு வருசத்துல ஒருநாள் என்னைய மேல கூட்டிட்டுப் போகல. கேட்டா, பயிற்சி விமானத்துல வெளியாள ஏத்தக்கூடாது, சட்டம்பா. நான் வெளியாளா? ஊர்ல, "பொண்டாட்டி ஏரோப்ளேன்ல ஒரு ரவுண்டு போயிட்டு வந்துட்டியா"ன்னு கேக்காத ஆளு இல்ல. என்ன பதில் சொல்ல? கடைசியில வைகுண்டம் ஐயாகிட்ட நானே போய்க் கேட்டேன். அவரு மருமகளுக்குக் கார் பழக்குனது நான்தான். "அதுக்கென்னய்யா, புருசனக் கூட்டிட்டுப் போகாம வேற யாரக் கூட்டிட்டுப் போவா, நான் சொல்றேன்"னாரு. சொன்னாரு. அவ மொகம் எப்பிடிப் போச்சுங்கிறீங்க! நான் என்னமோ அவ மேல புகார் குடுத்த மாதிரி.

அன்னைக்குக் காலையில ஆறரை மணிக்குப் பொறப்பாடு. வெயில் ஏறுனா காத்து குலுக்குமாம், அதனால விடியலாத்தான் ஓட்டுவாங்க. ஓட்டப் போற பொண்ணு பெனாசிர். கீழக்கரை. இருபத்தி மூணு வயசு, ஹாஸ்டல்ல தங்கிப் படிக்குது. ரெண்டு மாசம் முன்னால எங்கிட்டதான் கார் பழகிச்சு. தங்கமான பொண்ணு. நான் 'மிதி'ன்னா, அந்த 'தி' காத்துல இருக்கறப்பயே மிதிச்சிருக்கும். அப்பிடிப் பழக்கியிருந்தேன். மூணு நாள்ல அதுக்குப் பரிட்சை. ஸ்டால்தான் அதுக்கு வரல, இழுத்துருதுன்னு சுபா சொல்லியிருக்கா.

ஏறுறதுக்கு முன்னால சுபா என்னைய ஒரு ஓரமாக் கூப்பிட்டா. "மூணு விசயம். ஒண்ணு, நீங்க பின்னால உக்காந்தா வால் பக்கம் கனம் கூடும். இன்னைக்கு ஸ்டால் பயிற்சி கிடையாது, மெதுவாப் பறக்குறது மட்டும்தான். ரெண்டு, காதுல மாட்டுறதுல மைக் இருக்கு, அதுல பேசுனா எங்க ரெண்டு பேர் காதுக்குள்ளயும் கேக்கும். மைக்க மேல தூக்கி வச்சிருங்க. மூணாவது, என்ன நடந்தாலும் வாயத் தொறக்கக் கூடாது."

கட்டுன புருசன்கிட்டப் பேசுற பேச்சா இது? கனம் கூடுமாம். பெனாசிர் பக்கத்துல நிக்குது, அது கேக்குற மாதிரி.

பெனாசிர் இடது சீட்டு, சுபா வலது சீட்டு, நான் சுபாவுக்குப் பின்னால. நாலு பேர் உக்காருற சின்ன விமானம். உள்ள நம்ம ஆட்டோவவிடக் கொஞ்சம்தான் பெருசு. கெளம்பிருச்சு. ஐயோ, என்ன ஒரு இது! பாளையம்பட்டி தெரியுது, எங்க ஸ்கூல் மொட்டமாடியில காயப்போட்ட சேலை தெரியுது. யாருகிட்டயாவது சொல்லணும்ல? மைக்க எறக்கி, "சுபா, நம்ம வீடு!"ன்னேன். அவ திரும்பல. கைய மட்டும் தூக்கி, மேல மேலன்னு காட்டுனா, மைக்க மேல வையின்னு. வச்சேன். கொஞ்ச நேரங் கழிச்சு எறக்கிட்டேன். பேசுறதுக்கு இல்ல. சும்மா.

நாலாயிரத்து ஐந்நூறு அடி. அங்க போனதும் வேகத்தக் குறைக்கச் சொன்னா. பெனாசிர் குறைச்சுது. குறையக் குறைய மூக்கு மேல எழும்புது. எனக்கு முன்னால வானம் மட்டும்தான் தெரியுது. "நல்லா இருக்கு பெனாசிர், அப்பிடியே வச்சிரு. இப்ப ஒரு சத்தம் வரும், அது வரணும், பயப்படாத"ன்னு சுபா தணிஞ்ச குரல்ல சொன்னா. அவ சொன்னத நானும் கேட்டேன், இல்லைங்கல. ஆனா சத்தம்னா என்ன சத்தம்னு சொல்லல பாருங்க. திடீர்னு ஒரு ஊதல். கன்னுக்குட்டி கழுத்த நெரிச்சா எப்பிடிக் கத்தும், அப்பிடி. நிக்காமக் கத்துது. விமானம் லேசா நடுங்குது. பெனாசிர் கை தோசைக்கல்லுல பட்ட மாதிரி அப்பிடியும் இப்பிடியும் ஆடுது.

பதினாறு வருசம் அண்ணாச்சி. பழகுறவங்க கை தப்புறது எனக்குப் பாத்தாலே தெரியும். கார்லன்னா என் காலுக்குக் கீழ பெடல் இருக்கும். அங்க என் காலுக்குக் கீழ ஒண்ணுமே இல்ல. மிதிச்சுப் பாக்குறேன், வெறும் தகரம். அப்பத்தான் ஒரு சத்தம் போட்டேன்.

"மிதி! மிதி! தூக்கு, தூக்கு!"

அவ்வளவுதான் சொன்னேன். பிரேக்கத்தான் சொன்னேன். விமானத்துல பிரேக் தரையில மட்டும்தான், காலுக்குக் கீழ இருக்குறது வாலத் திருப்புற பெடலுன்னு எனக்கு யாரு சொன்னா? அந்தப் பொண்ணுக்குத் தெரியணுமா இல்லையா? படிச்ச பொண்ணு! அது வலது கால ஓங்கி மிதிச்சிருச்சு. கையால மடியோட இழுத்துருச்சு. நான் சொன்ன ரெண்டையும் ஒரே நேரத்துல செஞ்சிருச்சு.

வலது றெக்கை காணாமப் போச்சு. அப்பிடித்தான் இருந்துச்சு. சாயல, காணாமப் போச்சு. வானம் இருந்த எடத்துல தரை வந்துச்சு. தரை சுத்துச்சு. தண்ணி வத்துன கண்மாய் ஒண்ணு, அதுக்குப் பக்கத்துல செவப்பு ஓட்டுக் கட்டடம் ஒண்ணு. கண்மாய், கட்டடம், கண்மாய், கட்டடம். பத்து சுத்து சுத்தியிருக்கும். ரிப்போர்ட்ல ஒண்ணரைன்னு எழுதியிருக்கா. ஒண்ணரையாவது! உள்ள இருந்தவனுக்குத் தெரியாதா?

நான் சுபா தோளப் பிடிச்சேன். பின்னால இருந்து, இடது தோளு. பிடிச்சு இழுத்தேன். அவள எங்கிட்ட இழுத்தேன், அவ்வளவுதான். அந்த நேரத்துல பொண்டாட்டியப் பிடிக்காம ஒருத்தன் எதப் பிடிப்பான்?

அவ கத்தல. அது எனக்கு இன்னைக்கும் ஆச்சரியம். காதுக்குள்ள அவ குரல், சமையக்கட்டுல இருந்து உப்ப எடுத்துக் குடுங்கன்னு சொல்ற மாதிரி. "பெனாசிர், கைய எடுத்து மடியில வை. காலை எடு. இப்ப எங்கிட்ட இருக்கு." அந்தப் பொண்ணு கைய எடுத்துருச்சு. ஒடனே இன்ஜின் சத்தம் பொசுக்குன்னு அடங்குச்சு. ஐயோ, இன்ஜினையும் அணைச்சிட்டாளேன்னு நெனச்சேன். அணைக்கல, குறைச்சிருக்கா. சுத்துறதுக்கு எதிர்ப்பக்கம் இடது காலால மிதிச்சா. அப்பறம் ரெண்டு கையாலயும் மூக்கத் தள்ளுனா. கீழ! ஏற்கெனவே தரையப் பாத்துத்தான் போறோம், அதுல இன்னும் கீழ தள்ளுறா. நான் இழுக்குறேன், அவ முன்னால போறா. நான் இழுக்க இழுக்க அவ தோளு முன்னால போகுது. அவ ஒடம்புல அவ்வளவு பலம் இருக்குன்னு எனக்குத் தெரியாது அண்ணாச்சி. அஞ்சு வருசமா ஒரே வீட்டுல இருந்தோம்.

சுத்துறது நின்னுச்சு. அந்தச் செவப்பு ஓட்டுக் கட்டடம் நேரா முன்னால நின்னுச்சு, ஆடாம அசையாம. பெருசாகிக்கிட்டே இருந்துச்சு. அது ஒரு பள்ளிக்கூடம். கொடிக்கம்பம் தெரிஞ்சுது. காத்து சீறுது. அப்பவும் அவ வெடுக்குன்னு தூக்கல. அவசரப்பட்டு இழுத்தா திரும்பவும் ஸ்டால் ஆயிருமாம். மெதுவா, கொஞ்சம் கொஞ்சமாத் தூக்குனா. பள்ளிக்கூடம் கீழ எறங்கிப் போச்சு, தொடுவானம் வந்துச்சு, இன்ஜின் சத்தம் திரும்ப ஏறுச்சு. ரெண்டாயிரத்து அறுநூறு அடின்னா. யாருகிட்ட சொன்னான்னு தெரியல. தனக்குத்தானே சொல்லிக்கிட்டாபோல.

இப்ப ஒண்ணு சொல்றேன். இத ஊர்ல யாருகிட்டயும் சொன்னதில்ல. விமானம் நேரா வந்தப்பறம் சுபா கை வந்து தோள்ல இருந்த என் கை மேல பட்டுச்சு. 'அந்த நேரத்துலயும் என் கையப் பிடிச்சுக்கிட்டா'ன்னுதான் எல்லார்ட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியுறேன். நீங்க கிருஷ்ணகிரியில எறங்கப் போற ஆளு, உங்ககிட்ட என்ன. அவ பிடிக்கல. இடது கையால ஓட்டிக்கிட்டே, வலது கைய இந்தப் பக்கம் கொண்டாந்து, என் விரல ஒவ்வொண்ணா எடுத்து விட்டா. திரும்பிக்கூடப் பாக்கல. கட்டை விரல் கடைசி. எனக்குத் தானா விடத் தெரியல.

எறங்குனதும் பெனாசிர் ஓடுதளத்து ஓரமா உக்காந்து அழுதுச்சு. சுபா பக்கத்துல உக்காந்து தண்ணி குடுத்தா. "தப்பு உன்மேல இல்ல. நாளைக்கே திரும்ப மேல போறோம், நாளைக்கு விட்டா என்னைக்கும் போக மாட்ட"ன்னா. வீட்டுக்கு வந்து குளிச்சிட்டு வந்தா, இடது தோள்ல கன்னிப்போயிருக்கு. விரல் விரலா, நீலமா. நான் பாத்தேன்னு தெரிஞ்சதும் துண்ட மேல போட்டுக்கிட்டா. அன்னைக்கு மத்தியானமே உக்காந்து ரிப்போர்ட் எழுதிட்டா.

"எதுக்கு எழுதணும்? யாருக்கும் ஒண்ணும் ஆகலையே"ன்னேன்.

"எழுதலன்னா அடுத்தவன் செத்துப்போவான் சார்."

சார்!

மணி, வேகம், உயரம், எத்தனை சுத்து, யாரு எந்த சீட்டு, யாரு என்ன சொன்னா, எல்லாம். வெளியாள ஏத்துனது தன் தப்புன்னும் எழுதுனா, வைகுண்டம் ஐயா சொல்லித்தான் ஏத்துனேன்னும் எழுதுனா. பின் இருக்கைப் பயணி கத்தினாருன்னும் எழுதுனா.

இருங்க, தண்ணி குடிச்சுக்கிறேன். இந்த டிரைவர் ஏன் மேட்டுல நாலாவது கியர்ல போறான்? கேக்குதா, இன்ஜின் திணறுறது? சரி, நமக்கென்ன.

விசாரணைக்கு ரெண்டு அதிகாரிங்க வந்தாங்க. அதுக்கு முந்துன நாள் வைகுண்டம் ஐயா என்னையக் கூப்பிட்டு விட்டாரு. "நான் ஒண்ணும் சொல்லலைப்பா, பாத்துப் பேசு. பள்ளிய மூடிட்டா நாப்பது பிள்ளைங்க படிப்பு போகும்"னாரு. அதுவும் நாயம்தான? நான் யாருக்கும் கெடுதல் நெனைக்கல. அதிகாரிங்க கேட்டாங்க, யாரு அனுமதி குடுத்தா? ஞாபகமில்லைன்னேன். மேல சத்தம் போட்டது யாரு? காதுல ஒரே இரைச்சல் சார், யாரு குரலுன்னு தெரியலைன்னேன். அந்தப் பொண்ணும், காதுல 'மிதி'ன்னு கேட்டுச்சு மிதிச்சேன்னு மட்டும்தான் சொல்லியிருக்கு. அப்பறம் ஒரு அதிகாரி, "நீங்களும் பயிற்சி குடுக்குறவராமே, உங்க அபிப்ராயம் என்ன"ன்னு கேட்டாரு. மரியாதையாக் கேட்டாரு. நானும் தொழில் தெரிஞ்சவன்ங்கற மொறையில, "அந்தப் பொண்ணுக்கு இன்னும் நாலு கிளாஸ் எடுத்துட்டு மேல ஏத்தியிருக்கலாம்"னு சொன்னேன். பொதுவாச் சொன்னேன். அவரு எழுதிக்கிட்டாரு.

சுபாவுக்குப் பறக்கச் சொல்லிக் குடுக்குற அனுமதிய ஒரு வருசத்துக்கு நிறுத்தி வச்சிட்டாங்க. தபால் வந்த அன்னைக்கு நாலு மடிப்பா மடிச்சுக் கைப்பையில வச்சா. சண்டை போடல. சண்டை போட்டிருந்தா நானும் ரெண்டு பேசியிருப்பேன், சரியாப் போயிருக்கும். நாலு நாள் கழிச்சு, ஓசூர்ப் பக்கம் ஒரு பள்ளியில கிளாஸ் எடுக்குற வேலை, போர்டுல எழுதிச் சொல்லிக் குடுக்குறது, பறக்க வேண்டியதில்லைன்னுட்டுக் கெளம்பிட்டா. "எப்ப வருவ?"ன்னேன். "தெரியலைங்க"ன்னா. 'ங்க'ன்னு சொன்னாளேன்னு எனக்கு அப்ப சந்தோசம் பாருங்க.

பெனாசிர் பரிட்சை பாஸ் பண்ணிருச்சு. நம்ம கார் ஸ்கூலுக்கு சுவீட் கொண்டாந்து குடுத்துச்சு. வாசல்லயே நின்னுச்சு, உள்ள வரல. "சார், ஸ்டால் பண்றப்பல்லாம் இன்னும் உங்க குரல்தான் கேக்குது"ன்னுச்சு. நான் சிரிச்சேன். அது சிரிக்கல. "அது கேட்ட ஒடனே அதுக்கு நேர் எதிராச் செஞ்சிருவேன், அதுல பாஸ்"ன்னுச்சு. பிள்ளைங்க இப்பல்லாம் எப்பிடிப் பேசுதுங்க!

ஆனா போன வாரம் ஒண்ணு நடந்துச்சு அண்ணாச்சி. அதச் சொல்றதா வேண்டாமான்னு தெரியல. பேங்க்ல வேலை பாக்குற ஒரு அம்மா கார் பழகுறாங்க. இருபதாவது நாள். பந்தல்குடி ரோட்டுல ஒரு ஆடு குறுக்க வந்துச்சு. நான் "மிதி!"ன்னேன். எப்பவும் போல என் பெடல மிதிக்கத்தான போறேன்? அன்னைக்கு என்னமோ, மிதிக்கல. அந்தம்மாவப் பாத்தேன். அவங்க ரோட்டப் பாக்கல. ஆட்டப் பாக்கல. என் மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருந்தாங்க. இருபது நாளா பிரேக்க நான்தான் மிதிச்சிருக்கேன். அவங்க கால் அந்தரத்துல இருக்கு, என் மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருக்காங்க. அப்பறம் நான் மிதிச்சிட்டேன், ஆட்டுக்கு ஒண்ணும் ஆகல. அன்னைக்கு ராத்திரி உக்காந்து, பதினாறு வருசத்துல எத்தனை பேர் என் மூஞ்சியப் பாத்தாங்கன்னு எண்ணிப் பாத்தேன். எண்ண முடியல.

அதுக்கு மறுநாள்தான் சுபா போன் பண்ணினா. நாலு மாசத்துல மொத போன். அப்பீல் பண்ணப் போறாளாம். நான் நடந்தத எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தா விசாரணையத் திரும்ப எடுத்துக்குவாங்களாம். "எனக்காக எழுத வேண்டாம். நடந்தத எழுதுங்க. அப்பிடி எழுத முடியாதுன்னா வர வேண்டாம்"ன்னா. வச்சிட்டா.

எழுதிட்டேன் அண்ணாச்சி. அப்பீல் பாரத்துலயே எழுதிக் கொண்டாந்திருக்கேன். இருங்க, படிக்கிறேன். 'மேற்படி தினத்தில் நான் பின் இருக்கையில் அமர்ந்திருந்தேன். எச்சரிக்கை ஒலி எழுந்தது. அப்போது ஒரு சத்தம் கேட்டது. அதைக் கேட்டு மாணவி பெடலை மிதித்துவிட்டார். விமானம் சுழன்றது. பயிற்சியாளர் திறமையாகக் காப்பாற்றினார்.' எப்பிடி இருக்கு? வைகுண்டம் ஐயா பேரும் வரல, அவளுக்கும் நல்ல பேரு. யாருக்கும் சேதாரமில்ல.

என்ன பாக்குறீங்க? சொல்லுங்க. ஒரு சத்தம் கேட்டதுங்கறது சரியில்லையா?

சத்தம்... கேட்டுச்சுதான. எனக்கே கேட்டுச்சு, காதுக்குள்ள. என் குரல்தான்.

பேனா வச்சிருக்கீங்களா அண்ணாச்சி? குடுங்க. சட்டையில பேனா வச்சிருக்குற ஆளுங்களே இப்பக் கொறஞ்சு போச்சு. 'ஒரு சத்தம் கேட்டது', இத அடிச்சாச்சு. 'நான் கத்தினேன்.' கோணலாத்தான் வருது, பஸ் ஆடுது. என்ன கத்துனேன்னும் எழுதணும்ல? 'மிதி மிதி, தூக்கு தூக்கு என்று கத்தினேன். பேசக் கூடாது என்று பயிற்சியாளர் முன்பே சொல்லியிருந்தார்.' அனுமதி குடுத்தது வைகுண்டம் ஐயா. எழுதிட்டேன். ஊர்ல இனி அந்தத் தெருப் பக்கம் போக முடியாது. நாலு கிளாஸ் எடுத்திருக்கலாம்னு சொன்னது... 'அதைச் சொல்ல எனக்குத் தகுதியில்லை.' ம்.

இதான தர்மபுரி? தாண்டியாச்சா?

இன்னும் ஒண்ணு இருக்கு. அந்தத் தோளு. அதையும் எழுதணுமா? சுபா அத என்னன்னு எழுதியிருக்கான்னு பாத்துட்டு அதே மாதிரி எழுதிரலாம். ரிப்போர்ட் காப்பி இருக்கு, மூணு பக்கம். இருங்க... எடை. மைக். கத்தினார். சுழற்சி. எங்க இருக்கும்... 'பயிற்சியாளர் மூக்கைத் தாழ்த்தினார்.' இங்கதான வரணும்?

வரல அண்ணாச்சி.

மூணு பக்கத்தையும் பாத்துட்டேன். எழுதல. உயரத்த அடிக் கணக்குல எழுதுனவ. அத எழுதியிருந்தா அதிகாரிங்க அவள விட்டிருப்பாங்க, என்னையத்தான் பிடிச்சிருப்பாங்க. தோள்ல நீலத்தோட உக்காந்துதான் இத எழுதுனா. நான் எதுக்க உக்காந்து காபி குடிச்சேன். அத மட்டும் எழுதல.

அண்ணாச்சி, கொஞ்சம் எந்திரிக்கிறீங்களா? இல்ல, வாந்தியெல்லாம் இல்ல. ஜன்னல் பக்கம் கொஞ்சம் உக்காந்துக்கிறேன். அங்க கம்பி இருக்கு, பேப்பர வச்சு எழுத வாகா இருக்கும். ம், சரி.

'அவர் மூக்கைத் தாழ்த்தும்போது, நான் அவருடைய இடது தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்துக்கொண்டிருந்தேன்.'

கீழ கையெழுத்து. பேரு, அப்பா பேரு, விலாசம். பயிற்சியாளருக்கு என்ன உறவுன்னு ஒரு வரி விட்டிருக்காங்க. அத அவளே நிரப்பட்டும்.